தங்கையின் எஞ்சினும் என் தமிழும்

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் என் தங்கை. அறந்தாங்கியில் நான் இயற்பியல் பாடம் எடுக்கும் பள்ளி. அவள் பெங்களூரில், பணக்காரர்கள் சொந்தமாக வைத்துக்கொள்ளும் சின்ன ஜெட் விமானங்களுக்கு எஞ்சின் வடிவமைக்கும் இடத்தில் இருக்கிறாள். பிளஸ் டூவில் அவளைவிட நான்தான் மார்க் கூட. இனி அதை யாரிடம் போய்ச் சொல்ல?

பொறாமைதான், மறைப்பானேன். அப்பா யாரிடம் பேசினாலும் சின்ன மகள் புராணம். பெரியவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "அவ இங்கனதான இருக்கா" என்பார். ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், என்னைப் பற்றி அவர் வாய் நிறையச் சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

இங்கிலீஷ் மீடியம் என்பதால் விருந்தினர் இங்கிலீஷில்தான் பேசவேண்டுமாம். பெற்றோருக்காக நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லவேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் தன் எடையைப்போல நாலு மடங்குக்கு மேல் விசையோடு விமானத்தைத் தள்ளவேண்டும், எடை கூடினால் எல்லாம் கெட்டது என்று தங்கை இரண்டே வரியில் முடித்துவிட்டாள். கூட்டம் கொட்டாவி விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றோரில் பாதிப்பேர் மீமிசல் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அவள் சொல்லாததை நானே சேர்த்தேன்.

"சின்ன வத்தையில பெரிய எஞ்சின மாட்டுனா என்னாகும்? படகோட பின்பக்கம் தண்ணிக்குள்ள உக்காந்துரும். எஞ்சினு தன்னையச் சொமக்கவே பாதி டீசல் போயிரும். அப்பறம் மீனுக்கு எடம் எங்க? வானத்துலயும் அதே கததாங்க."

கைதட்டல் ஓயவே இல்லை. அப்பா எழுந்து நின்று தட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் வழியில் மூவரும் டீ குடிக்க நின்றோம். கடைக்காரரிடம் அப்பா அந்த வத்தைக் கதையை வார்த்தை மாறாமல் எடுத்துவிட்டார். எஞ்சினோடு கிடப்பவள் ஆயிற்றே, சின்னவள் என்ன தெளிவாகச் சொன்னாள் என்று ஒரே பூரிப்பு.

"அது அக்கா சொன்னதுப்பா" என்றாள் தங்கை.

"இல்லங்கல. அவ தமிழ்ல எடுத்துச் சொன்னா. சரக்கு ஒன்னோடதுல்ல?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஒனக்குமே இன்னைக்கித்தான் வெளங்கியிருக்கும், என்ன ஆத்தா?"

தங்கைக்குப் பிடிக்கும் என்று காலையிலேயே நண்டு வாங்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ரசம் வைத்தேன்.