ஆற்றில் நாலு நாள் போக மூன்று சனிக்கிழமை ஆயத்தம்

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: தொழிற்சாலையில் எங்களை வேலை வாங்குகிற போர்மன், டேனிஷ்காரன். அவன் மனைவியின் தம்பி, அவனும் டேனிஷ்காரன், டை கட்டியிருந்தான். வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்து அண்ணை, எங்களில் டேனிஷ் தெரிந்தவர். மன்னார் ஆள், ஊரில் மீன்பிடி, இங்கே துணி மடிக்கிற வேலை. பிறகு நான்.

இடம் டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் அண்ணையின் பிளாட். விஷயம், குடெனோ ஆற்றில் தோணியில் நாலு நாள் போவது.

போர்மன் வரைபடத்தை விரித்து விரலால் காட்டினான். ஆறு, பிறகு ஏரி, பிறகு ஆறு, பிறகு இன்னொரு ஏரி. அணைக்கட்டு வந்தால் தோணியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரவில் கரையில் கூடாரம். காரில் போனால் அந்தத் தூரம் ஒரு மணித்தியாலம். வீட்டில் காய்ந்த கட்டில் இருக்கிறவன் ஈர நிலத்தில் படுக்க ஆசைப்படுகிறான். அதற்கு ஒரு கொப்பி நிறையப் பட்டியல் வேறு. நுளம்பெண்ணெய், தண்ணீர் புகாத பை, மிதவைச் சட்டை, மலம் கழிக்கக் கிடங்கு வெட்டச் சின்ன மண்வெட்டி. அதையும் சிரிக்காமல் எழுதினான்.

மன்னார் ஆள் தோணியின் படத்தைப் பார்த்தான்.

"அண்ணை, உது வள்ளமோ? பிள்ளை குளிப்பாட்டுற தொட்டி."

"சும்மா இரடா. விளங்கினாலும் விளங்கும்."

நான் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். அண்ணை என்னைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

"டை கட்டினவனைப் பாத்தியே? வெளிநாட்டுக்காரருக்கு விசாக் குடுக்கிற கந்தோரிலை பெரியாள்."

"ஆர் சொன்னது?"

"சொல்ல வேணுமே? கறுப்புப் பையோடை பக்டரி வாசலிலை நிண்டதை நான் கண்டனான்."

அது போதுமாக இருந்தது. அவருக்கு மட்டுமில்லை, எனக்கும்.

அந்த வருடங்களில் குடும்பத்தைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்கள் அசையவில்லை. மேலே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கதை. என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். லொட்ஜ்காரன் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் மட்டும் அவளை டெலிபோனுக்குப் பக்கத்தில் இருக்க விடுவான். இங்கே பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. நான் தெருப் பூத்திலிருந்து எடுப்பேன். அவள் ஒரே கேள்வி கேட்பாள்.

"கடிதம் வந்ததோ?"

"இல்லை."

ஒரு வருடத்துக்கு மேலாக இதுதான் எங்கள் கதை. போர்மனும் மைத்துனனும் சாப்பிட வந்ததும் சனிக்கிழமை பன்னிரண்டுக்கு. இன்னொரு 'இல்லை' சொல்வதைவிட, இங்கே இருந்து ஒரு 'ஓம்' வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். முதற்சனி எடுக்கவில்லை.

கேட்கிறதுக்கும் அண்ணையிடம் ஒரு ஒழுங்கு இருந்தது.

"வாய் திறந்து கேளாதையுங்கோ. முதல் சாப்பிடட்டும். மூண்டு தரம் எங்கடை சோறு திண்டவன் இல்லை எண்டு சொல்லமாட்டான்."

ஊரில் அப்படித்தான் அலுவல் பார்த்தோம். வந்தவனை வேலை என்ன என்று கேட்பதும் மரியாதையில்லை. அதனால் ஒருவரும் கேட்கவில்லை. ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, இடியப்பம். டைக்காரன் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டான். அண்ணை கதிரைக்குப் பின்னால் நின்று பரிமாறினார். தன் மாமனுக்கும் அப்படி நின்றிருக்கமாட்டார்.

இரண்டாம் சனி, யார் எந்தத் தோணி என்று பிரித்தார்கள். மூன்று தோணி, ஐந்து பேர். போர்மனும் மைத்துனனும் ஒன்று. அண்ணையும் நானும் ஒன்று. மன்னார் ஆளைச் சாமான்களோடு தனியே போட்டார் அண்ணை. ஒரே தோணியில் அவனோடு இருக்க அவருக்கு ஏலாது. ஏன் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்; ஊரில் மீன்பிடிகாரரை அவர் ஆட்கள் திண்ணைக்கு மேலே ஏற்றமாட்டார்கள்.

"அண்ணை, துடுப்புப் பிடிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டான் அவன்.

"புத்தியுள்ளவனுக்கு உது பெரிய வேலையே?"

"அப்ப சரி. நீங்கள் கவிண்டால் நான் மண்வெட்டியோடை வாறன்."

நான் சிரித்தேன். ஒன்று பத்துக்கு மணிக்கூட்டைப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

மூன்றாம் சனி கோழி. பெரிய ஏரியில் காற்று எழும்பினால் எந்தக் கரையோடு ஒட்டிப் போவது என்று போர்மன் அரை மணித்தியாலம் விளக்கினான். மன்னார் ஆள் வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடிய இரவில் எந்தக் கரையும் தெரியவில்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். டைக்காரன் சாப்பாட்டுக் கோப்பையை வழித்து முடிக்க, அண்ணை மூன்று துண்டுக் கடதாசிகளை அவன் பக்கம் தள்ளினார். மூன்று பேரின் விண்ணப்ப இலக்கங்கள். என்னுடையதை நானே எழுதியிருந்தேன். என் எழுத்து வடிவில்லை. அதனால் இரண்டு தரம் எழுதினேன்.

டைக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ கேட்டான். அண்ணையின் முகம் வெளிறியது.

"என்ன கேக்கிறான்?" என்றேன்.

"தோணியின்ரை நம்பரோ எண்டு."

அண்ணை டேனிஷில் நெடுகக் கதைத்தார். அவன் காதுவரை சிவந்து பதில் சொன்னான். அவன் யன்னல் செய்கிற கொம்பனியில் கணக்கு எழுதுகிறவன். சனி பின்னேரம் கிறிஸ்தவக் கோயிலில் பாட்டுப் படிக்கப் போகிறானாம், டை அதுக்கு. கறுப்புப் பைக்குள் பாட்டுக் கொப்பி.

"பறவாயில்லை அண்ணை," என்றான் மன்னார் ஆள். "ஒரு யன்னலாவது திறந்துவிடச் சொல்லுங்கோ. கோழி மணக்குது."

அவன் மனைவியும் மடுவில் அகதி முகாமில் இருந்தாள். சொல்லிவிட்டு அவன் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான்.

அண்ணை துண்டுகளைப் பொறுக்கினார். "கந்தோரிலை ஆரையும் தெரியுமோ எண்டு கேட்டுப் பாப்பம். இன்னொருக்கால் சாப்பிடட்டும்," என்றார். நான் அவர் கையிலிருந்து என் துண்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன். போர்மன் பட்டியலில் என் பெயரை வெட்டட்டுமா என்று கையால் காட்டிக் கேட்டான். வெட்டு என்று நானும் கையால் காட்டினேன்.

பூத்துக்குப் போனபோது ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எங்கை போனனீங்கள்?"

"தோணிப் பயணம் ஒண்டு. ஆயத்தம்."

"போயிட்டு வந்திட்டியளோ?"

"போகேல்லை."

கடிதம் வந்ததோ என்று அவள் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

"போன கிழமையும் வந்து இருந்தனீரோ?"

"ஓம். அதுக்கு முதல் கிழமையும். மணி முடியுமட்டும் இருந்தனாங்கள். பிள்ளை வாங்கிலிலை நித்திரை."

அந்தப் பூத்தில் நின்று அவள் காத்திருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். அந்த இரண்டு சனியும், இந்தச் சனியும்.

இரண்டு மணித்தியாலம், ஐம்பது நிமிடம்.