அம்மன் காலடியில் ஒரு ரவுட்டர்

கோயில் மணியைத் தானாக அடிக்க வைக்கிறேன் என்று வாயைக் கொடுத்தது என் தப்புத்தான். கலஹாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அப்பா தலைவர். திருவிழா தொடங்கும் நாள் காலை ஆறு மணிக்கு, மணியும் மேளமும் அடிக்கிற மெஷின் ஆள் தொடாமலே ஓடும் என்று அவரும் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார். "கண்டியில கம்ப்யூட்டர் கடை வச்சு ஒங்க மகன் அப்படி என்னதான் கிழிக்கிறான்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதுதான் பதிலாம். மணி அடிக்காவிட்டால் அவர் மானம் போகும்.

ஒரு பழைய வைஃபை ரவுட்டருக்குள் லினக்ஸை ஏற்றி, அதையே மெஷினுக்கு மூளையாக வைத்தேன். வெள்ளிக்கு ஒரு நேரம், பௌர்ணமிக்கு ஒரு நேரம் என்பதால் சின்னதாக ஒரு புரோகிராம் வேண்டும். அங்கேதான் எனக்கும் கூட்டாளிக்கும் சண்டை. கம்பளையிலிருந்து வந்து என்னோடு கடை நடத்தும் முஸ்லிம் பையன் அவன்; எந்த புரோகிராம் எழுதவும் அவனுக்குப் பைத்தான் மொழிதான். ரவுட்டரில் இருப்பதோ மொத்தமே எட்டு மெகாபைட் இடம். அதில் பைத்தானை ஏற்றுவது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றைக் காம்பராவுக்குள் கல்யாண வீட்டையே குடிவைப்பது மாதிரி. லினக்ஸோடு கூடவே வருகிற ஷெல் மொழியில் இருபது வரி எழுதினால் போதும் என்றேன் நான்.

இந்தச் சண்டையை அப்பா முன்னால் போட்டதுதான் வினை.

"எதுக்குடா கத்துறீங்க? பூக்கட்டிப் பார்த்துருவோம்."

பெண் எடுப்பதா, தண்ணீர்க் குழாயை எந்த லயத்துக்குத் திருப்புவதா, எல்லாமே எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் தீரும். சிவப்புப் பூ பைத்தான், வெள்ளைப் பூ ஷெல். அப்பாவே வெற்றிலையில் மடித்து இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்தார். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு!

வாசலோடு நின்ற கூட்டாளிக்குத் தலைகால் புரியவில்லை. "மச்சான், நான் உள்ளுக்கே வரல்ல. எது நல்லமெண்டு ஒங்கட அம்மனுக்கே வெளங்கீக்கி!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உலகத்தையே படைத்தவளுக்கு எட்டு மெகாபைட் எவ்வளவு என்று தெரியாதா?

மூன்று நாள் மல்லுக்கட்டினேன். உள்ளே இருந்ததில் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பார்த்தும் 'இடமில்லை' என்றே வந்தது. பென்டிரைவைக் குத்தலாம் என்றான் கூட்டாளி. குத்துவதற்கு அதில் ஓட்டையே கிடையாது. கடைசியில் திருவிழாவுக்கு முந்திய நாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு என் இருபது வரி ஷெல்லை ஏற்றினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

டாணென்று ஆறு மணிக்கு மணி அடித்தது. சனம் கையெடுத்துக் கும்பிட்டது. "அம்மாளே தெரிவு செஞ்ச பைத்தான்!" என்று அப்பா மைக்கில் முழங்கினார். நான் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமி குத்தம் சும்மா விடுமா?

கூட்டம் கலைந்ததும் அவரைத் தனியே கூப்பிட்டேன். "அப்பா, சாமி சொன்னத மீறிட்டேன். உள்ள ஓடுறது பைத்தான் இல்ல. என்னோட ஷெல்லுதான்."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சாமி எங்கடா சொன்னுச்சு? ரெண்டு வெத்தலையிலயும் செவப்புப் பூவத்தான் வச்சேன்."

"ஏம்ப்பா?"

"அந்தத் தம்பி வெவரமா பேசுச்சு. நீ செய்யிறது ஓடுமோ ஓடாதோன்னு பயமா இருந்துச்சு."

பெற்ற அப்பனே இப்படி! அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவரை முறைத்தேன். அவர் மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி விடு. அடுத்த தடவ ரெண்டுலயும் வெள்ளையே வச்சிர்றேன்."