பிறவி வக்கீல் இல்லாத ஆபீஸ்

எங்கள் ஆபீசில் பிறவி வக்கீல் ஒருவர்கூடக் கிடையாது. எல்லோருமே வேறு எதையோ செய்துகொண்டிருந்து, தபால்வழியில் சட்டம் படித்து, தலை நரைக்கிற நேரத்தில் கறுப்புக் கவுன் மாட்டியவர்கள். யாங்கோனில் இது ஒன்றும் அதிசயமில்லை. வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் கவுன் மாட்டியதும் பழைய வேலையை மறந்துவிடுவார்கள். எங்களுக்கு மட்டும் அது முடியவில்லை.

நாங்கள் எடுப்பது ஒரே வகைக் கேஸ்தான். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டவர்களுக்காகப் பேசுவோம். முதலாளி தரப்பிலிருந்து யாராவது மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தால், பெரியவர் டீ கொடுத்து மரியாதையாக இறக்கி விட்டுவிடுவார். பெரியவர் என்றால் ஆபீசை ஆரம்பித்தவர், பர்மாக்காரர். நாங்கள் அவரை சயாஜி என்றுதான் கூப்பிடுவோம். பெரிய வாத்தியார் என்று அர்த்தம்.

சயாஜி வக்கீல் ஆவதற்கு முன் அலோன் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளார்க்காக இருந்தார். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைக் கோடு போட்டு எண்ணி எண்ணியே இளமை போயிற்று. இன்றைக்கும் சாட்சி யாராவது "அடிக்கடி நடக்கும்" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. எத்தனை தடவை என்று கேட்டு, அந்த ஆளை வாய்விட்டு எண்ண வைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

இன்னொருவர் கால்பந்து நடுவராக இருந்தவர். எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் நீட்டிப் பேசினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருமுறை பொய்சாட்சி சொன்ன ஒரு மேஸ்திரியைப் பார்த்துக் கையை உயர்த்தி வாசலைக் காட்டிவிட்டார். பாவம், அந்த மேஸ்திரியும் எழுந்து பாதி தூரம் போய்விட்டார்.

நான் ஓட்டல் வரவேற்பில் இருந்தவள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் மிஷன் பள்ளியில் படித்து கிளார்க் வேலைக்குப் போனவர்கள். சத்தம் போட்டுப் பேசினால் ஆண்டவருக்குக் கேட்டுவிடும் என்று பயப்படுகிற வீடு. அந்த வீட்டில் மூக்குக்கு மேல் கோபத்தோடு பிறந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கோபத்தை எல்லாம் அடக்கிக்கொண்டு வருகிறவன் போகிறவனைப் பார்த்துச் சிரித்து, கன்னம் வலித்துப் போய், இனிமேல் கோபப்பட்டால் சம்பளம் கிடைக்கிற வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் சட்டம் படித்தேன். ஆனால் பழக்க தோஷம் விடுமா? முதல் குறுக்கு விசாரணையில் ஒரு ஆலை மானேஜரை வறுத்து எடுத்தேன். மனிதர் வியர்த்துப் போய் நின்றார். எல்லாம் முடிந்ததும் என் வாய் தானாக, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா, சார்?" என்று கேட்டுவிட்டது.

கடைசியாக இன்சூரன்ஸ் அண்ணன். எங்கள் ஆபீசில் என்னைத் தவிர இருக்கிற ஒரே தமிழர். ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவர். அங்கே அவருடைய வேலை, பணம் கேட்டு வருகிறவர்களைக் கேள்வி கேட்டு, பணம் தரவேண்டியதில்லை என்று நிரூபிப்பது. அதில் அவர் புலி. எங்களோடு டீக்கடைக்கு வந்தால்கூட, சமோசாவில் உருளைக்கிழங்கு குறைவு என்று நாங்கள் சொன்னால், "வாங்கும்போதே பார்த்துத்தானே வாங்குனீங்க?" என்பார்.

போன வருடம் சயாஜிக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. ஆபீசுக்கு ஃபேஸ்புக் பக்கம் வேண்டும், அதில் ஒவ்வொரு வக்கீலின் படமும் பழைய அனுபவமும் போட வேண்டும், அப்போதுதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்றார். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. சயாஜி "துறைமுகத்தில் எண்ணினேன், அதுபோதும்" என்றார். நடுவர் தான் விசில் ஊதுகிற படம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இன்சூரன்ஸ் அண்ணன் மட்டும் நழுவிக்கொண்டே இருந்தார்.

"நிதித்துறை அனுபவம்னு போட்டுடும்மா" என்றார்.

"நிதித்துறையில என்ன செஞ்சீங்கன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க."

"நீங்களா இருந்தா கேப்பீங்களே அண்ணே."

அவர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஃபேஸ்புக்கில் அவருடைய இடம் மட்டும் காலியாகவே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். லைங் தாயா தொழிற்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் பட்டன் அடிக்கும் மிஷினில் வேலை பார்த்தவள். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். தமிழ் சொன்னால் புரியும், பேசும்போது பாதி வழியில் பர்மா பாஷைக்குப் போய்விடுவாள். வலது கையில் இரண்டு விரல் மிஷினில் நசுங்கியிருந்தது. சீக்கிரம் இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல் இனி மடங்கவே மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிஷினில் இருந்த தடுப்பைக் கழற்றச் சொன்னதே சூப்பர்வைசர்தான், தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறதாம். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அவளே கழற்றினாள், தூக்கக் கலக்கத்தில் கையை விட்டாள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது. அவளுக்கு வேண்டியது இரண்டுதான், கம்பெனி செலவில் ஆபரேஷனும், அதே கம்பெனியில் வேறு வேலையும். விசாரணையில் தோற்றால் இரண்டும் போச்சு.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. விசாரணைக்கு முன்னால் சனிக்கிழமைகளில், சாப்பிட்டு டிபன் கேரியரைக் கழுவி வைத்ததும், கட்சிக்காரரை நடு நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்ப்போம். எதிர்த்தரப்பு வக்கீல் வேஷம் எப்போதும் இன்சூரன்ஸ் அண்ணனுக்குத்தான். அவரை நிஜ விசாரணையில் எழுந்து பேசச் சயாஜி ஒருநாளும் விட்டதில்லை. ஒத்திகையில் மட்டும் அவிழ்த்து விடுவார். அண்ணன் எழுந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மென்மையான குரலில் ஆரம்பிப்பார். அந்த மென்மைதான் ஆபத்து. துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஆள்கூட அவர் முன்னால் அழுதிருக்கிறார்.

அந்தப் பெண்ணையும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உட்காரவைத்து வறுத்தார். ராத்திரி சரியாகத் தூங்கினாயா, கைபேசி பார்த்துக்கொண்டிருந்தாயா, காலையில் புருஷனோடு சண்டையா என்று கேட்டுக்கொண்டே போவார். முதலில் மிரண்டாள். பிறகு கோபப்படக் கற்றுக்கொண்டாள். "பயப்படாதே, திட்டுகிற மாதிரியே பதில் சொல்லு, ஆனா ஒரே மூச்சுல சொல்லு" என்று நான் பின்னாலிருந்து ஏற்றிவிடுவேன். எல்லாக் கேள்விக்கும் வாயடைக்கிற மாதிரி பதில் வந்தது. ஒரே ஒரு கேள்வியில் மட்டும் ஒவ்வொரு தடவையும் உடைந்துபோவாள்.

"தடுப்பு இல்லைன்னு தெரிஞ்சுதானே கையை வச்ச?"

உடனே அவள் தலை தொங்கிவிடும். "ஆமா ஊலே, என் தப்புத்தான்" என்று அழ ஆரம்பித்துவிடுவாள். ஊலே என்றால் பர்மா பாஷையில் மாமா. கடைசிச் சனிக்கிழமையும் அப்படித்தான் முடிந்தது.

விசாரணை நாளன்று மழை. சயாஜிக்குத் தொண்டை கட்டி, காற்று மட்டும்தான் வந்தது. கால்பந்து நடுவர் வேறு கேசுக்குப் போயிருந்தார். நான் எழுந்து பேச முடியாது, இந்தக் கேசில் சயாஜியின் பெயருக்கு அடுத்ததாக எழுதிக்கொடுத்திருந்தது இன்சூரன்ஸ் அண்ணன் பெயரைத்தான். சயாஜி அவர் தோளைப் பிடித்து, உதட்டை மட்டும் அசைத்து, "பெயர், வயது, என்ன நடந்தது, அவ்வளவுதான்" என்று சொன்னார். அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

எதிரே கம்பெனி வக்கீல் உட்கார்ந்திருந்தார். சின்ன வயது. அப்பா வக்கீல், தாத்தா வக்கீல், இவர் பிறவி வக்கீல். கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அழகாக டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். கரண்டு போய், ஃபேன் நின்று, விசாரணை அதிகாரி ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்தார். பெயர் கேட்டார். வயது கேட்டார். இதுவரை சரி. பிறகு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார். கண்ணாடி மெதுவாக மூக்கு நுனிக்கு இறங்கியது.

"அப்போ, முந்தின நாள் ராத்திரி நீ சரியாத் தூங்கல. அப்படித்தானே?" என்று மென்மையாகக் கேட்டார்.

பேச்செல்லாம் பர்மா பாஷையில்தான் நடந்தது, ஆனால் அந்தக் குரலை எந்தப் பாஷையில் கேட்டாலும் எனக்குத் தெரியும். சயாஜி மேஜையைத் தட்டினார். கையை ஆட்டினார். வாயைத் திறந்தால் சத்தமே வரவில்லை. நான் அண்ணனின் கவுனைப் பிடித்து இழுத்தேன். அவர் ஈயை ஓட்டுகிற மாதிரி என் கையைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எங்கள் கட்சிக்காரியை எங்கள் வக்கீலே தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

அவளும் கொஞ்சம்கூட அசரவில்லை. எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோய், சனிக்கிழமை மத்தியானம் மாதிரி எகிற ஆரம்பித்தாள்.

"தூங்குனேன் ஊலே. ஓவர்டைம் முடிச்சு கம்பெனி பஸ்ஸு எப்ப விட்டுச்சோ, அப்ப வந்து தூங்குனேன். மறுநாள் வெள்ளன வரச் சொன்னதும் அவங்கதான்."

"கையில கைபேசி இருந்துச்சு."

"கேட்டுலயே வாங்கி வச்சுக்கிறாங்க. திரும்பிப் போறப்பத்தான் குடுப்பாங்க."

"தடுப்பைக் கழற்ற உனக்குத் தெரியும்."

"ஸ்பானர் சூப்பர்வைசர் மேஜையில பூட்டியில்ல இருக்கு? நான் என்ன பல்லாலயா கழற்றுனேன்?"

விசாரணை அதிகாரி விசிறுவதை நிறுத்தினார். கம்பெனி வக்கீல் முதலில் சிரித்துக்கொண்டிருந்தார், எதிரியே தன் வேலையைச் செய்கிறானே என்று. பிறகு தன் காகிதத்தைப் பார்த்து ஒரு கேள்வியைக் கோடு போட்டு அடித்தார். அடுத்ததையும் அடித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. நான் இழுப்பதை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் அண்ணன் நிறுத்தவில்லை. அந்தக் கேள்விக்கும் போய்விட்டார்.

"தடுப்பு இல்லைன்னு தெரிஞ்சுதானே கையை வச்ச?"

அவள் தலை தொங்கியது. நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். சயாஜி கண்ணை மூடிக்கொண்டார். அவள் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தாள். அப்புறம் அதைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள்.

"தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன். வைக்கலைன்னா அன்னைக்கே வேலை போயிருக்கும். கழற்றச் சொன்னவரு பக்கத்துலதான் நின்னாரு. அவரு கை இடுப்பு லோஞ்சி மடிப்புக்குள்ள பத்திரமா இருந்துச்சு. என் இடத்துல நீங்க இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க ஊலே?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் அவருக்குத் தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். முகம் வெளுத்துப்போய், "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தார். கம்பெனி வக்கீல் எழுந்தார். முழுக்கக் கோடு போட்டு அடித்திருந்த தன் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கும் கேட்க ஒன்றும் இல்லை" என்றார்.

வெளியே வந்ததும் சயாஜி அண்ணனைத் திட்ட முயன்றார். காற்றுதான் வந்தது. அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றார். தான் கேசைக் கெடுத்துவிட்டதாகத்தான் அன்றைக்கு முழுக்க நம்பிக்கொண்டிருந்தார், மனிதர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. சில வாரங்களில் அதிகாரி அவள் பக்கம் தீர்ப்பு எழுதினார். கம்பெனியும் இழுத்தடிக்காமல் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டு, சட்டை மடித்துப் பெட்டியில் வைக்கிற பகுதியில் வேலையும் கொடுத்தது. ஒரு விரல் நன்றாக மடங்குகிறது. இன்னொன்று பாதி.

கை ஆறியபிறகு ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள். த்வாண்டே மண்சட்டி ஒன்றில் கோழிக்குழம்பு கொண்டுவந்திருந்தாள். படியேறத் தெம்பில்லையா, இல்லை குழம்பு சிந்தும் என்றா தெரியாது, சாமான் ஏற்ற எங்கள் பால்கனியிலிருந்து தெருவரை தொங்குகிற கயிற்றின் மணியை ஆட்டி, சட்டியை அதில் கட்டி மேலே அனுப்பிவிட்டு, அதற்கு அப்புறம் மெதுவாக ஏறி வந்தாள். எல்லோருமாகச் சாப்பிட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் முகம் போன போக்கை நடுவர் நடித்துக் காட்ட, அவர் அன்றைக்கு அங்கே இல்லவே இல்லை என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அண்ணனைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஊலே, முந்தி கம்பெனியில இருந்தப்பவும் இப்படித்தான் கேப்பீங்களா?"

"ஆமாம்மா."

"எனக்கு நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி, பணம் கேட்டு வந்தவங்களுக்கு முன்கூட்டியே யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

குத்திக் காட்ட அவள் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"யாரும் இல்லம்மா" என்றார்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு என் மேஜைக்கு வந்து நின்றார். ஃபேஸ்புக்கில் தன் இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"இன்சூரன்ஸ்ல இருந்தவர், பணம் கேட்டு வந்தவங்களைக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புறதுதான் இவர் வேலைன்னு எழுதும்மா. படம் பெருசாப் போடு, முகம் தெரியணும். கம்பெனி பேரையும் போடு."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அப்படிப் போட்டா இந்த ஆபீசுக்கு யாரு அண்ணே வருவா?"

"நான் திருப்பி அனுப்புனவங்க வருவாங்க" என்றார்.