தீட்டுப்பட்ட கொடிக்கால்

ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் இருந்த வெற்றிலைக் கொடிக்காலின் வேலிக்கு வெளியே நவமணி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மழை விட்டபாடில்லை. உள்ளே மேல் வரிசைக் கொடிகள் மஞ்சளித்துத் தொங்கின. அவளுக்கு உள்ளே போக அனுமதி இல்லை.

பிறை நகரில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்ததும் அண்ணன் கார்த்திகேசுவோடு கொடிக்காலில் இறங்கினாள். அப்பா இருவருக்கும் பொதுவில் விட்டுப்போன தோட்டம். அதுவரை வாயைத் திறக்காத அண்ணன், கொடிகள் வாடத் தொடங்கியதும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

"பொம்பள காலு பட்டா கொடி கருகும்னு சும்மாவா சொன்னாங்க?"

"லிட்டில் இந்தியாவுல வெத்தல வாங்குறது யாருண்ணே, ஆம்பளைங்களா?"

"வாய மட்டும் நல்லா வளத்து வச்சிருக்க லா. கொடி தேறுற வரைக்கும் உள்ள வராத."

கடல் தாண்டி வந்து எத்தனையோ காலமாகியும் இந்த ஒரு மூட்டையை மட்டும் யாரும் தூக்கி எறியவில்லை. வேலிவரை எரு சுமக்கப் பெண் வேண்டும், இலை அடுக்கிக் கட்டப் பெண் வேண்டும். கொடி வாடினால் குற்றவாளியும் அவளேதான்.

தீட்டுக் கழிக்க, கார்த்திகேசு தினமும் கோயில் தீர்த்தத்தை வாளித் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு கொடியின் அடியிலும் ஊற்றினான். அதுவும் அடைமழையில், சொதசொதவென்று கிடந்த மண்ணில்! மேலே தேங்கிய நீர், புதிதாக நட்ட கீழ் வரிசைக்கு வழிந்தது. அங்கேயும் ஒரு கொடியின் அடித்தண்டு கறுத்திருந்ததை நவமணி வேலி இடுக்கில் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, அடி அழுகுது! தண்ணி போக வழி வெட்டு. அழுகுனத வேரோட எடு, இல்லன்னா மொத்தமும் போயிரும்!"

"உயிருள்ள கொடியப் பிடுங்குறதா? பாவம் லா."

அவன் காலி வாளியோடு கோயிலுக்குக் கிளம்பினான். மழை சற்று விட்டிருந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் மறைந்ததும் நவமணி படலைத் தள்ளித் திறந்தாள்.

முதல் கொடியை இழுத்தாள். வேர் வரவில்லை, தண்டு மட்டும் நனைந்த காகிதம்போலக் கையோடு வந்தது. குப்பென்று நாற்றம். மண்ணோடு தோண்டிச் சாக்கில் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. மேல் வரிசை முழுவதையும், கீழே கறுத்திருந்த அந்த ஒன்றையும் அள்ளிய பிறகு, இரண்டு வரிசைக்கும் நடுவே மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டத் தொடங்கினாள்.

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணிட்ட!"

படலருகே கார்த்திகேசு நிறைந்த வாளியோடு நின்றான். அவள் ஒரு தண்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு. இது என் காலு நாத்தமா, தண்ணியில ஊறுன நாத்தமா?"

அவன் மூக்கைச் சுளித்தான். கண் கீழ் வரிசைக்குப் போனது.

"இன்னும் ஊத்தப்போறியா?"

"சாமி தண்ணி. கண்ட இடத்துல கொட்டக்கூடாது."

"அப்ப நீயே குடி."

மலைமேல் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. வாளியை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்தான்.

"அந்த முனை மேடா இருக்கு. தண்ணி திரும்பி வரும்."

"வெளிய நின்னு சொன்னா? உள்ள வந்து வெட்டு."

கீழ் வரிசை பிழைக்குமா என்று இருவருக்கும் தெரியாது. முதல் துளி விழுவதற்குள் அந்த மேட்டை உடைத்தாக வேண்டும். அவன் இன்னொரு மண்வெட்டியைத் தேடி எடுத்தான்.