தள்ளாடியவர் குடிக்கவில்லை

எங்கள் தகப்பனார் சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வரும் உறவினர்களுக்கும் சாலைக் கடைவீதி நண்பர்களுக்கும் அவரைப் பற்றி ஒரு திருத்தம் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

நாகர்கோவிலுக்கு அருகே பிறந்த தகப்பனார், பதினைந்து வயதில் நெல்வண்டியோடு திருவனந்தபுரம் வந்தார். மூட்டை சுமந்து, நாற்பது வயதில் அங்கே சாலைக் கடைவீதியில் அரிசி மண்டி வைத்தார். கள்ளோ சாராயமோ தொட்டதில்லை. ஆரியசாலையில் நம்மவர் கோயில் திருவிழாவில் பூரண கும்பம் ஏந்திச் சுவாமிக்கு முன் நடக்கும் பொறுப்பு இருபத்திரண்டு ஆண்டுகள் அவருடையது.

எழுபதுக்குப் பின் நடை மாறியது. காலை அகட்டி வைப்பார். திரும்பும்போது சாய்வார். யாராவது பேச்சுக் கொடுத்தால் நின்றுதான் பதில் சொல்வார். வாதம் என்று வைத்தியர் அரிஷ்டம் கொடுத்தார். அரிஷ்டத்தின் புளித்த வாடை, இந்தத் தள்ளாட்டம்; கடைவீதிக்கு இரண்டும் போதுமாயிருந்தன.

"என்ன அண்ணாச்சி, காலம்பறயே ஏத்தியாச்சா?"

"மருந்துடே."

"எல்லாவனும் மருந்துண்ணுதான் சொல்லுகான்!"

கோயில் கூட்டத்தில், அவரை ஒரு வார்த்தை கேட்காமல் கும்பத்தை வேறொருவருக்கு மாற்றினார்கள். "குடிச்ச கை தொடப்பிடாது" என்றார் தலைவர். தகப்பனார் மறுத்துப் பேச எழுந்தார். எழுந்த வேகத்தில் சாய்ந்தார். அதையே சாட்சியாக்கினார்கள்.

பிறகுதான் மலையாளி டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். காலைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். சாய்ந்தவரைத் தாமே பிடித்துக்கொண்டார். "காலுக்கு ஒரு குழப்பமும் இல்லா. வயசாகும்போ மூளை சுருங்கும். ஆளை நேரே நிறுத்துற பாகம் தளர்ந்துபோச்சு. கை பிடிச்சு நடத்துங்கோ" என்றார்.

இதைத் தலைவரிடம் சொன்னேன். "அப்படியா? அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த திருவிழாவுக்குத் தகப்பனார் இல்லை.

என் குற்றத்தையும் எழுத வேண்டும். டாக்டரிடம் போவதற்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், உறங்குகிறார் என்றெண்ணிக் குனிந்து அவர் வாயை முகர்ந்து பார்த்தேன். அவர் கண் திறந்தார்.

"அரிஷ்டம்தான் மக்களே."

டாக்டருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அவருக்கும் முன்பாக, எங்கள் மண்டியில் மூட்டை சுமக்கும் வேலுவுக்கு. யாரும் அவருக்கு எதுவும் விளக்கவில்லை. "மொதலாளி, எனக்கு முட்டு வலிக்கி. உங்க கையப் பிடிச்சுக்கிடட்டா?" என்று கேட்டு, கடைசி நாள் வரை தகப்பனாரை விழாமல் வீடு சேர்த்தார்.

திதியன்று பந்தியில் முதல் இலை வேலுவுக்கு. கோயில் தலைவரும் வருவதாக அறிகிறேன். அடுத்த இலை அவருக்கு.