தங்கராசாவின் பச்சைப் போட்

கல்முனைக் கடற்கரையில் அந்தப் பச்சைப் போட்டை விலைக்குக் கேட்க ஒருவரும் வரவில்லை. அதில் ஒரு குறையும் கிடையாது. சுனாமி அடித்த மறுநாள் பாண்டிருப்புத் தங்கராசா அதில்தான் பிரேதங்களை ஏற்றிக் கரை சேர்த்தார். காலிதீனின் ஒரே மகள் நஸ்லியாவும் அப்படித்தான் வந்து சேர்ந்தாள்.

நான்கு வருடங்கள் கழித்து, யார் யாருடைய போட்டிலோ கூலிக்குப் போய்க் களைத்த காலிதீன் சொந்தப் போட் தேடினார். விற்பனைக்கு நின்றவை இரண்டு. ஒன்று அந்தப் பச்சை. மற்றது, புடவைக் கடைக்காரர் சரீப்புக்கு எப்படியோ கிடைத்த வெள்ளை நிவாரணப் போட்.

காலிதீன் இரண்டையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பச்சை கனமாக முனகியது. வெள்ளை வெறும் தகரப் பேணிபோல ஒலித்தது.

“புதுப் பொண்ணு மாதிரி இரிக்கி, பாருங்க காக்கா!” என்றார் சரீப்.

தங்கராசா சிரித்தார். “கால்ல கடல்தண்ணி பட்டா தடிமன் புடிக்கிற ஆளுக்கும் போட் குடுத்திருக்கானுகள்! காலிதீன் காக்கா, என்ர போட்ட வாங்கச் சொல்லிக் கேக்கல்ல. ஆனா இந்த வெள்ளைக்குப் பெரிய எஞ்சின் பூட்டிராதீங்க. எஞ்சின் பூட்டுற பின்பலகை தாங்காது.”

“சண்டை நடக்கக்குள்ள பெரிய எஞ்சின் பூட்ட நேவிக்காரன் விடுவானா அண்ணன்?” என்றார் காலிதீன்.

வீட்டில், பச்சையின் பெயரைக் கேட்டதுமே காலிதீனின் மனைவி ஸகியா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“எங்கட புள்ள மையித்தாக் கிடந்த எடத்துல நிண்டு வலை இழுப்பீங்களா? அந்த மீன நான் எந்தக் கையால ஆக்குற? வேணா! அது இன்னும் ஆள் கேக்கும்!”

காலிதீன் வெள்ளையை வாங்கினார்.

அந்த வருடமே யுத்தம் முடிந்தது. சில மாதங்களில் எஞ்சின் கட்டுப்பாடும் தளர்ந்தது. மற்றவர்கள் ஆழக்கடலுக்குப் பாய்ந்து போக, அவர் மட்டும் சின்ன எஞ்சினோடு கரையோரமாக ஊர்ந்தார். அவமானம் அவரைத் தின்றது. பெரிய எஞ்சினைப் பூட்டினார்.

ஒருநாள் பின்பலகையின் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதன்மேல் வெள்ளைப் பூச்சைத் தடவினார். ஸகியாவிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் பூச்சையும் கிழித்துக்கொண்டு அந்தக் கோடு நீண்டது. மறுபடியும் தடவினார்.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கிச் சீறிய ஒரு நாள், அதிகாலை சுபஹு தொழுதுவிட்டுத் தனியாகப் போனவர் பின்னேரம் அஸருக்கும் திரும்பவில்லை. ஸகியா முக்காடு நழுவியதும் தெரியாமல் கரையில் நின்றாள். தூரத்தில் ஒரு போட் தெரிந்தது. அது வெள்ளையல்ல. பச்சை.

அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

“ஓடி வா தங்கச்சி! உசிரிருக்கு!” தங்கராசா கத்தினார். “பின்பலகை எஞ்சினோட பிஞ்சி போயிட்டு. எண்ணெய்க் கலனப் புடிச்சிக்கிட்டு மிதந்தார்!”

வருடக்கணக்காக அவள் ஏறெடுத்தும் பாராத போட். அலைக்குள் இறங்கி, விளிம்பைப் பற்றி ஏறினாள். மகள் கிடந்த அதே இடத்தில் காலிதீன் கிடந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவருடைய தலையை மடியில் ஏந்தி, ஈரத் தளத்தில் உள்ளங்கையை அழுத்தினாள். மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரை அன்று சொன்னாள்.

“நஸ்லியா… வாப்பாவ விட்டிரு மகள். உம்மா தனிச்சிப் போயிருவன்.”

காற்று இன்னும் கடலை நோக்கியே இழுத்தது. அவளுடைய மற்றக் கைக்குள் கிடந்த காலிதீனின் குளிர்ந்த விரல்களில் ஒன்று, மெல்ல மடங்கியது.