பின்வீட்டில் காய்ச்சிய பால்

டைல்ஸ் அறுக்கும் மிஷினின் சத்தம் எந்தத் தெருவில் கேட்டாலும் என் நடை தளர்ந்துவிடுகிறது. பல் கூசும் அந்தச் சத்தத்துக்குப் பின்னால், சின்ன வேலைதான் என்று சொல்லி யாரையோ நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். பழங்காநத்தத்தில் பதினொரு வருடம் குடியிருந்த மாடிவீடு எனக்குக் கொடுத்தனுப்பிய சந்தேகம் அது.

தெரு பளபளப்பாகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்குக் கண்ணாடிக் கைப்பிடி வந்தது. மூன்று வீடு தள்ளி லிஃப்ட். வேலை முடிந்த வீடுகளில் பழைய முகங்கள் இல்லை. வந்தவர்கள் நல்லவர்கள்தான். சிரித்தார்கள், கார் நிறுத்த இடம் கேட்டார்கள்.

ஒரு காலை, கீழே குடியிருந்த வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

"தம்பி, தரையெல்லாம் பொரிஞ்சு போச்சு. டைல்ஸ் போட்டுருவோம். ரெண்டு மாசம் பின்வீட்டுல இருங்க. முடிஞ்சதும் உங்க வீடு உங்களுக்குத்தான்."

"வாடகைண்ணே?"

"அப்புறம் பேசிக்கிருவோம். ஓடியா போறோம்?"

அந்த 'அப்புறம்' எனக்குப் பிடிக்கவில்லை. பின்வீடு என்பது ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, பகலிலும் விளக்குக் கேட்கும் இருட்டு. நான், மனைவி, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். பழைய வாடகைக்கே மாடிக்குத் திரும்பினால்தான் இந்தப் பக்கம் இருக்க முடியும். இல்லையென்றால் மனைவி பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம், மகளின் டியூஷன் எல்லாம் தூரமாகிவிடும்.

சாமான் இறக்கிய அன்று நான் மாடியில் பீரோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் மனைவி ஒரு பால் பாக்கெட்டோடு பின்வீட்டில் இருந்த என் மனைவியிடம் வந்திருக்கிறார்.

"பாலைக் காய்ச்சு தாயி, நல்ல நேரம் போயிரும்."

"ரெண்டு மாசத்துக்குத்தானக்கா?"

"ரெண்டு நாளா இருந்தாலும் வெறும் அடுப்புல உலை வைக்கலாமா?"

பால் பொங்கியது. என்னையும் கூப்பிட்டார்கள். சர்க்கரை தூக்கலாக இருந்தது, குடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் மேலே போய் வேவு பார்த்தேன். கொத்தனாரைச் சந்தேகப்பட்டேன், செல்போனில் படம் எடுத்துப்போனவரைச் சந்தேகப்பட்டேன். ஒருநாள் எலக்ட்ரீஷியன் இரண்டு அறையிலும் ஏசிக்குச் சுவரைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"எங்ககிட்ட ஏசியே இல்லையேண்ணே?"

"வர்றவுக போடுவாகள்ல?"

"யாரு வர்றாக?"

அவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டே உளியைத் தேடினார்.

மனைவியிடம் சொன்னேன். "நீங்க சாமி கும்புடப் போனாலும் செருப்பையே பாத்துக்கிட்டு நிக்கிற ஆளு," என்றாள்.

இரண்டு மாதம் முடிந்தது. தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. வீட்டுக்காரரிடம் சாவி கேட்டேன்.

"என்ன தம்பி, பால் காய்ச்சிக் குடி போயாச்சு. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள கெளம்பினா வீட்டுக்கு ஆகுமா?"

"அது அக்கா சொல்லிக் காய்ச்சினது."

"யார் சொன்னா என்ன, காய்ச்சினது ஒங்க அடுப்புல. மாடிதான் வேணும்னா இப்ப போற வாடகைக்குப் பேசுவோம்." அவர் சொன்னது பழைய வாடகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். "இல்லாட்டி பின்வீட்டுலயே இருங்க. பழைய வாடகைதான், ஒத்த ரூவா ஏத்தல."

மாடிக்குக் கொடுத்ததை அந்த இருட்டுக்குக் கொடுக்கச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. எழுத்தில் எதையும் வாங்கியிருக்கவில்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டவன் அடுப்பின் மேலிருந்த பாத்திரத்தைச் சந்தேகப்படவில்லை. பால் காய்ச்சுவதை யார் சந்தேகப்படுவார்கள்?

"அந்தக்காவுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது," என்கிறாள் மனைவி. "பொங்கினப்ப அவுக கண்ணு கலங்குச்சு." இருக்கலாம். வரப்போவது தெரிந்தும் கலங்கியிருக்கலாம். இன்றுவரை என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

கொட்டாம்பட்டி போகிற ரோட்டில், நகரம் முடிகிற இடத்தில் எங்கள் வாடகைக்கு ஒரு வீடு கிடைத்தது. மகள் குட்டியானை வண்டியின் முன்சீட்டில் புத்தகப்பையை மடியில் வைத்து ஏறிக்கொண்டாள். வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார். கோபம் இல்லாத முகம்.

"வாரேண்ணே," என்றேன்.

"நல்லது தம்பி. மனசுல வச்சுக்கிறாதீங்க. பின்வீட்டுக்கு நல்ல குடும்பம் யாரும் இருந்தாச் சொல்லுங்க."

"வாடகை எம்புட்டுன்னு சொல்ல?"

"உள்ள கொஞ்சம் வேலை கெடக்கு. முடிச்சிட்டுச் சொல்றேன்."